மாடியில் சேவல் சுற்றி வந்தால்

கொளத்தூரில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு பெட்டைக்கு ஒரு சேவல். துணி காயப்போட மேலே வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கொத்துமா?" கொத்துவது பெரிய விஷயமில்லை. அதன் காலில் பின்பக்கம் வளர்கிற கூரான முள்தான் விஷயம். எகிறி இரண்டு காலாலும் அடித்தால் கெண்டைக்காலைக் கிழித்துவிடும்.

கூவுகிறதே என்று பயப்படாதீர்கள். தீனியைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு "கொக் கொக்" என்றால் பெட்டைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது நடையை. ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசத் தாழ்த்தி, குறுக்கடி வைத்துச் சுற்றி வரும். பெட்டையைச் சுற்றினால் அது அவர்கள் குடும்ப விஷயம். உங்கள் காலைச் சுற்றினால் சண்டைக்குக் கூப்பிடுகிறது. அப்புறம் தலை தாழும், கழுத்து இறகு குடை விரிந்த மாதிரி சிலிர்க்கும். சில சேவல் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லாத தரையைக் கொத்தும். இரை பொறுக்குகிறது என்று நம்பி முதுகைக் காட்டினால் பின்னாலிருந்து அடி விழும்.

நாலைந்து மாதத்தில், கூவப் பழகிப் பெட்டைகளை மிதிக்க (இணைசேர) தொடங்கும்போதுதான் இந்தத் திமிர் தலைகாட்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குஞ்சாக வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்ததுதான் பல வீடுகளில் முதலில் பாய்கிறது. ஆள் என்றால் அதற்குப் பயமே இருக்காது. சண்டைக்குப் பேர்போன அசில் இனச் சேவல் கூட வேறு சேவலிடம்தான் கொதிக்கும், ஆளிடம் பெரும்பாலும் சாது.

சரி, சுற்ற ஆரம்பித்துவிட்டதா? ஓடாதீர்கள், துரத்தும். உதைக்கவும் வேண்டாம், நாளைக்கும் சண்டைக்கு வரும். அதைப் பார்த்தபடியே நின்று, காலுக்கு முன்னால் ஒரு முறத்தைப் பிடியுங்கள். (புலியையே விரட்டிய முறம், சேவலுக்குப் போதாதா!) இறகு படிந்து அது வேறு பக்கம் திரும்பிய பிறகு நகருங்கள். பெட்டையைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் சேவலைப் பஞ்சாரத்தில் மூடிவிடுங்கள். பெட்டை கத்தினால் எந்தச் சேவலும் பாயலாம்.

சின்னப் பிள்ளைகளைத் தனியாக மாடிக்கு விடவே கூடாது. அவர்கள் முகம் சேவல் எகிறுகிற உயரத்தில் இருக்கிறது.

முள் குத்தினால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சளை அப்பிக் கட்ட வேண்டாம், ஆழமான குத்து உள்ளுக்குள் சீழ் பிடிக்கும். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) தேவையா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.