டாப் சர்ஜரிக்குப் பிறகு: வலியும் முதல் ஆறு வாரங்களும்

டாப் சர்ஜரிக்கு, அதாவது மார்பகங்களை அகற்றி நெஞ்சைத் தட்டையாக்கும் ஆபரேஷனுக்கு, தேதி கிடைத்ததும் திருநம்பிகள் பலரும் முதலில் கேட்பது, "ரொம்ப வலிக்குமா?" என்றுதான். வலிக்கும். முதல் மூன்று நான்கு நாள் கடுமையாக இருக்கும், அப்புறம் படிப்படியாகக் குறையும். நேரத்துக்கு மாத்திரை எடுத்தால் பெரும்பாலானோருக்குத் தாங்கக்கூடிய வலிதான். எது ஆறுகிற வலி, எது ஆபத்தான வலி என்று பிரித்தறிவதுதான் இதில் முக்கியம். அதற்கு ஒரு எளிய வழி உண்டு: இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வீங்கி ஒரே மாதிரி வலித்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மாறினால் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

மார்பின் அடியில் இரண்டு பக்கமும் வெட்டி, காம்பை எடுத்து மறுபடி ஒட்டுகிற முறையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

1. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

சில வாரங்களுக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. அதனால் மேல் அலமாரியில் இருக்கும் டம்ளர், துணி, சார்ஜர் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். தலை வழியாகப் போடுகிற டீ-சர்ட் சரிப்படாது. முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டை நாலைந்தும் லுங்கியும் போதும். தண்ணீர் வாளியை நீங்கள் தூக்கக் கூடாது, வேறொருவர் நிரப்பி வைக்க வேண்டும். தரையில் உட்காரும் கழிப்பறை என்றால், எழும்போது நம்மை அறியாமலே கையை ஊன்றிவிடுவோம். முடிந்தால் அதற்கென்று இருக்கும் நாற்காலி ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

சிகரெட், பீடி, புகையிலை எல்லாவற்றையும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள், பின்னாலும் தொடாதீர்கள். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஒட்டிய காம்புக்கு ரத்தம் போகாவிட்டால் அது பிழைக்காது.

முதல் வாரம் ஒருவராவது கூடவே இருக்க வேண்டும். பெற்ற வீட்டுக்குப் போக முடியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அண்ணன், தம்பி, அக்கா என்று நாமே சேர்த்துக்கொண்ட உறவுகளிடம் தயங்காமல் கேளுங்கள்.

2. வலியை முந்திக்கொள்ளுங்கள்

வலி ஏறிய பிறகு மாத்திரை தேடினால் அது அடங்க நேரமாகும். முதல் சில நாள் சீட்டில் எழுதியபடி மணி பார்த்துப் போடுங்கள், ராத்திரியும் அலாரம் வையுங்கள். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைவானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதால் அட்டையைப் படியுங்கள். ஆஸ்பிரின், ஐபுரூஃபென் வகைகளைச் சர்ஜன் சொல்லாமல் எடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடலாம். டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரலாம். தண்ணீர், பழம், மருத்துவர் அனுமதித்தால் இசப்கோல்.

"ஆம்பளைன்னா வலியைப் பொறுத்துக்கணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் தம்பிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வலிக்குப் பயந்து மூச்சை முழுசாக இழுக்காமல், நடக்காமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். மாத்திரை போட்டுவிட்டு, ஆபரேஷன் நடந்த அன்று மாலையே மெதுவாக நாலு எட்டு நடப்பதுதான் உடம்புக்கு நல்லது.

மல்லாந்து, முதுகுக்கு மூன்று நான்கு தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்குங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். மார்பைவிட முதுகும் தோளும் வலிக்கிறதே என்று பலர் கேட்பார்கள். குனிந்தே இருப்பதால் வருவது அது. ஆபரேஷனுக்குப் பிறகு மார்பை இறுக்கிப் பிடிக்கப் போடும் பிரஷர் வெஸ்ட்டின் இறுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

3. டிரெயின் ட்யூப்

உள்ளே சேரும் ரத்தமும் நீரும் வெளியே வர, அக்குளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக ட்யூபும், அதன் நுனியில் கைக்கு அடங்கும் பிளாஸ்டிக் பல்பும் இருக்கும். எல்லாச் சர்ஜனும் வைப்பதில்லை. வைத்திருந்தால் காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, ட்யூபைத் தோலுக்குப் பக்கத்தில் ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கை விரல்களால் பல்பை நோக்கி மெல்ல உருவிவிடுங்கள். நூல் மாதிரி ரத்தக்கட்டி நகர்ந்து போவது தெரியும். மூடியைத் திறந்து அளவுக் கப்பில் ஊற்றுங்கள். பல்பை நசுக்கிப் பிடித்தபடியே மூடுங்கள். அது தட்டையாக இருந்தால்தான் உறிஞ்சும். இடது இவ்வளவு மில்லி, வலது இவ்வளவு என்று நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

முதலில் அடர் சிவப்பு, பிறகு ரோஸ், கடைசியில் வைக்கோல் நிறம். 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அது நடக்கும்.

4. எப்போது ஓட வேண்டும்

ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி இறுகி, வேகமாக வீங்கி, கருநீலமாகி, மாத்திரைக்கும் அடங்காமல் வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். முதல் இரண்டு நாள் இதில் மிகவும் கவனம். ட்யூபில் திடீரென்று பளிச்சென்ற சிவப்பில் புது ரத்தமாக வந்தாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், சீழ், நாற்றம், பரவும் சிவப்பு இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே போக வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சுக்குள் குத்தினால் 108-ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால், வேறு மருத்துவமனைக்குப் போனாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

5. காம்பும் சாப்பாடும்

ஒரு வாரம் போல ஆனதும் கட்டைப் பிரிப்பார்கள். காம்பு கறுத்து, பொருக்குத் தட்டி, பார்க்கவே பயமாக இருக்கும். பெரும்பாலும் மேல்தோல் மட்டும் உரிந்து, சில வாரங்களில் அடியில் ரோஸ் நிறம் தெரியும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை எதையும் புண்ணில் வைக்காதீர்கள்.

கத்திரிக்காய், முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் சொல்ல யாராவது வருவார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

6. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு

மரத்துப்போன தோலில் திடீரென்று கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று ஒரு குத்தல், ஒரு நொடிதான். வெட்டுப்பட்ட நரம்புகள் திரும்ப வளரும்போது வருவது அது. மாதக்கணக்கில் வந்துபோகும். உணர்ச்சி ஓரளவு திரும்ப ஒரு வருடமும் ஆகலாம், காம்பில் முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

நான்கிலிருந்து ஆறு வாரம் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். சிலிண்டர், அரிசி மூட்டை, பைக் ஓட்டுவது எல்லாம் சர்ஜன் சரி என்ற பிறகுதான். புண் முழுசாக மூடியதும் தழும்புக்குச் சிலிகான் ஜெல்லோ ஷீட்டோ பயன்படுத்தலாம். நம் நிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம், அப்படித் தெரிந்தால் சீக்கிரமே காட்டுங்கள். ஒரு வருடம் தழும்பில் வெயில் படாமல் பாருங்கள்.

இரண்டாவது வாரத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரும் பலருக்கு. இவ்வளவு நாள் காத்திருந்து செய்துகொண்டோமே, தப்பான முடிவோ என்றுகூடத் தோன்றும். தூக்கமின்மை, மாத்திரைகள், எதற்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை எல்லாம் சேர்ந்தது அது. பெரும்பாலும் உடம்பு தேறத் தேற மனசும் தேறும். வாரங்கள் போயும் விலகவில்லை என்றாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.