மலையூரில் மாலை வகுப்பு: இடம், ஆள், பணம்

நீலகிரியில் ஓர் ஊர் இளைஞர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு மாலை வகுப்போ வாசிப்பு மையமோ தொடங்க நினைத்தால், முதலில் பணத்தைத் தேடி அலைய வேண்டாம். இடமும் அதற்கான எழுத்து அனுமதியும் கைக்கு வந்த பிறகு கேட்கும் பணமே கிடைக்கும். அந்தப் பணமும் எல்லாவற்றுக்கும் உதவாது. ஒவ்வொரு நிதியும் ஒரு வகைச் செலவுக்கு மட்டும்தான். இது தெரியாமல் விண்ணப்பிப்பதால்தான் நல்ல குழுக்கள்கூட சோர்ந்துபோகின்றன.

இடம்

புதுக் கட்டடம் கட்டும் யோசனையைத் தள்ளி வையுங்கள். மலைப்பகுதியில் கட்டட அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் பல குடியிருப்புகள் 1969-ஆம் ஆண்டு ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும், உரிமை இன்னும் தீராத நிலத்தில், பட்டா இல்லாமல் இருக்கின்றன. அங்கே அரசு நிதியில் கட்டடம் கேட்டால் நிலப் பிரச்சினையிலேயே கோப்பு நின்றுவிடும்.

அரசுப் பள்ளி வகுப்பறையே நல்லது. தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வேண்டும். எந்த அறை, எந்த நாட்கள், சாவி யாரிடம், மின்சாரம் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு என்றால் எஸ்டேட் மேலாளரின் கையெழுத்துள்ள கடிதம் வாங்குங்கள். அவர் மாறிப்போனால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும்.

சமுதாயக் கூடம் கேட்பதாக இருந்தால் கிராம சபைதான் வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்தால்தான் கூட்டப் பொருளாகச் சேர்ப்பார்கள். தீர்மான நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள். இனி எழுதும் எல்லா விண்ணப்பத்துக்கும் அதுதான் முதல் இணைப்பு.

நேரம்

சமவெளியில் மாலை 5 முதல் 7 வரை வகுப்பு நடத்தலாம். இங்கே கூடாது. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் காட்டெருமையும், கூடலூர் பக்கம் யானையும் அந்த நேரத்தில்தான் தேயிலைத் தோட்டப் பாதையில் நடமாடும். ஒரே ஹட்டி (படகர் ஊர்) பிள்ளைகள் என்றால் 4.15 முதல் 5.30 வரை போதும். பல குடியிருப்புகளிலிருந்து நடந்து வருவார்கள் என்றால் சனி, ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். கூடலூர், பந்தலூர், குந்தா தாலுகாக்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பல நாட்கள் வகுப்பு நடக்காது. திட்டத்தில் 'ஆண்டு முழுவதும்' என்று எழுதாமல் '90 வகுப்புகள்' என்று எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் என்று சொல்லிவிட்டு எட்டு மாதம் நடத்தினால், அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அதுவே குறையாக நிற்கும்.

ஆள்

20 பிள்ளைகளுக்கு இரண்டு பேர், கல்லூரித் தேர்வுக் காலத்துக்கென மூன்றாமவர் ஒருவர். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். கல்லூரி திறந்ததும் திட்ட அலுவலரிடம் கடிதம் கொடுத்து, மாதந்தோறும் மணிக்கணக்கில் கையெழுத்திட்டு அனுப்பினால் ஆள் தொடர்ந்து வருவார்கள். 15 முதல் 29 வயதுள்ளவர்கள் 2023 அக்டோபர் 31 அன்று தொடங்கிய 'மை பாரத்' என்ற ஒன்றிய அரசின் இளைஞர் தளத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். நூலகத்தோடு சேர்ந்து இயங்க விரும்பினால் அந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள்.

பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் நடத்துவதானால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத் தமிழ் வீட்டு மொழி அல்ல. அவருக்கு மதிப்பூதியம் கொடுங்கள். ஒரு நாள் தோட்டக் கூலியை விட்டுவிட்டு வருபவரிடம் இலவச உழைப்பு கேட்பது நியாயமில்லை.

வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து, சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரண்டும் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து பயிற்சியாளர் சொந்த வண்டியில் வருகிறார் என்றால், நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை முன்பே எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பணம்

சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதிகள் நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்கு உரியவை. கூரை, சுற்றுச்சுவர், கழிப்பறை கேட்கலாம். ஊதியமும் சுண்டலும் கேட்க முடியாது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு மக்கள் பங்கு இதைவிடக் குறைவு.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் புதுக் குழு நேரடியாக வாங்க முடியாது. மூன்றாண்டுப் பணி அனுபவம், வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவு, இந்த நிதியைப் பெறும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் கேட்பார்கள். அதுவரை, அரசுப் பள்ளிக்கான பொருட்கள் தேவைப்பட்டால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற தமிழக அரசுத் திட்டத்தின் வழியாகப் பள்ளியின் பெயரில் கேளுங்கள்.

மலையில் பணத்தைத் தின்பது பேருந்துக் கட்டணமும் தீனியும்தான். இவற்றுக்கு ஊர்ப் பணமே கைகொடுக்கும். ஒரு பிள்ளைக்கு 40 கிராம் கொண்டைக்கடலை என்றால் 20 பேருக்கு 800 கிராம்; வாரம் மூன்று நாளுக்கு மாதம் பத்தரை கிலோ. ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் கடலை வேகாமல் எரிவாயுதான் வீணாகும். முதல் நாள் இரவே ஊறவைத்துக் குக்கரில் வேகவையுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களிடம் மொத்தத் தொகை கேட்பதைவிட 'ஒரு மாதச் சுண்டல் உங்கள் பொறுப்பு' என்று கேட்டால் மனமுவந்து தருவார்கள். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் உறவினரே ஆனாலும், வெளிநாட்டு நிதிப் பதிவு (எஃப்சிஆர்ஏ) இல்லாத சங்கம் அவர் பணத்தை வாங்கக் கூடாது.

பதிவும் கணக்கும்

ஓராண்டு வகுப்பு நடந்த பிறகு பதிவு செய்தால் போதும். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். கையெழுத்தும் முகவரியும் அடையாள அட்டையோடு பொருந்தாமல் போவது, பதிவுக்குப் பின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய மறப்பது, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் சிக்கலாகும். பிறகு பான் அட்டை, இருவர் கூட்டாகக் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, என்ஜிஓ தர்பண் (தொண்டு அமைப்புகளுக்கான ஒன்றிய அரசின் பதிவுத் தளம்) எண் என்று வரிசையாக எடுங்கள்.

விண்ணப்பம் இரண்டு பக்கம் போதும். ஊர், தாலுகா, வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கை, அனுமதி நகல், செலவு விவரம், அதில் ஊரின் பங்கு எவ்வளவு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பத்தியை ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லி, தடையின்றி வாசித்தவர்களின் எண்ணிக்கையைக் குறியுங்கள். நிதி தருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஜீப் ஓட்டுநரும் ஊர்ப் பெட்டிக்கடைக்காரரும் ரசீது தர மாட்டார்கள். தேதி, தொகை, பெயர், கையெழுத்துடன் செலவுச் சீட்டு எழுதி வாங்குங்கள். 5000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டுங்கள். மார்ச் 31-இல் கணக்கை முடித்து, பெற்ற நிதியைச் சொன்ன வேலைக்கே செலவிட்டதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை ஏப்ரல் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சி வேலை சூடுபிடித்துவிட்டால் அலுவலகத்தில் கையெழுத்திடும் ஆளைப் பிடிக்க ஜூன் ஆகிவிடும்.