பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் பெல்லி நடனம் கற்கத் தொடங்குவோருக்கு

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ், நுட் மன்னர் காலத்தில் 1020இல் நிறுவப்பட்ட மடாலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். மடாதிபதி பால்ட்வின் பதினோராம் நூற்றாண்டில் வகுத்த தெருக்களில்தான் இன்றும் புதன்கிழமையும் சனிக்கிழமையும் சந்தை கூடுகிறது. இத்தகைய ஊரில் பெல்லி நடனம் கற்க விரும்புவோர், லண்டனில் இருப்பதுபோல் பத்துப் பள்ளிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணக்கூடாது. சந்தை நகரங்களில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே வாரத்துக்கு ஒரு மாலை, வாடகைக்கு எடுத்த அரங்கொன்றில் சொல்லித்தருவார். ஆகவே எந்தப் பாணி வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டுத் தேடுவதைவிட, கிடைக்கும் ஆசிரியர் உடலுக்குத் தீங்கு நேராமல் கற்பிப்பவரா என்று பார்ப்பதே முதல் வேலை.

இணையத்தில் தேடுவதோடு நின்றுவிடாமல், நூலகத்தின் அறிவிப்புப் பலகையையும் தேவாலயக் கூடங்கள், சமூகக் கூடங்கள் ஆகியவற்றின் வாராந்திர அட்டவணையையும் பாருங்கள். விளம்பரம் செய்யாத வகுப்பின் பெயர்கூட அந்த அட்டவணையில் இருக்கும். இத்தகைய வகுப்புகள் பலவும் பள்ளிப் பருவங்களை ஒட்டியே நடக்கின்றன. செப்டம்பரிலோ, ஜனவரியிலோ, ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகோ சேர்ந்தால் அடிப்படையிலிருந்து தொடங்கும் வாய்ப்பு அதிகம். பருவத்தின் நடுவில் வரும் அரைப்பருவ விடுமுறை வாரத்தில் வகுப்பு இருக்குமா என்பதையும், கட்டணத்தைப் பருவம் முழுமைக்கும் செலுத்த வேண்டுமா, வந்த நாளுக்கு மட்டும் செலுத்தலாமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக்கே முழுப் பருவக் கட்டணத்தையும் கேட்டால், ஒரு நாள் வந்து பார்த்த பிறகு செலுத்துகிறேன் என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

ஆசிரியரிடம் மூன்று செய்திகளை அறிந்துகொள்வது நல்லது: பொதுப் பொறுப்புக் காப்பீடு (வகுப்பில் யாருக்காவது காயம் நேர்ந்தால் இழப்பீட்டுக்கு உதவும் காப்பீடு) இருக்கிறதா, முதுகு அல்லது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அசைவுகளை எப்படி மாற்றித் தருகிறார், எந்தப் பாணியைக் கற்பிக்கிறார். எகிப்தியப் பாணியினர் பெல்லி நடனத்தை ரக்ஸ் ஷர்க்கி என்பார்கள். அரபியில் அதற்குக் கீழைநாட்டு நடனம் என்பது பொருள். பெல்லி நடனம் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வைத்ததன் மொழிபெயர்ப்புத்தான். இன்று மேடையில் காணும் வடிவம், பதியா மசாப்னி என்ற நடனக் கலைஞர் 1926இல் கெய்ரோவில் தொடங்கிய இரவு விடுதியைப் போன்ற இடங்களில் உருப்பெற்றது; புகழ்பெற்ற எகிப்திய நடனக் கலைஞர்களான சாமியா கமாலும் தஹியா கரியோக்காவும் அங்கிருந்து வந்தவர்கள். துருக்கியப் பாணியும், அமெரிக்காவில் உருவான குழுநடனப் பாணியும் இதனின்று வேறுபட்டவை. ஆனால் முதல் ஆறு மாதங்களில் கற்கும் அடிப்படை அசைவுகளில் பல எல்லாவற்றுக்கும் பொது என்பதால், பாணியைக் காரணம் காட்டி உள்ளூர் வகுப்பைத் தவிர்க்க வேண்டியதில்லை.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இடுப்பின் அசைவு வெளியே தெரியும்படியான மேலுடையும் நீட்டி மடக்க வசதியான கால்சட்டையும் போதும்; வயிற்றைக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நல்ல வகுப்பிலும் இல்லை. பழைய அரங்குகளின் தரை குளிர்காலத்தில் சில்லிட்டிருக்கும் என்பதால், வெறுங்காலுக்கு மாற்றாக மெல்லிய நடனக் காலணி ஒன்றை எடுத்துச்செல்லுங்கள். காசுகள் கோத்த இடுப்புத் துணியை முதல் மாதத்திலேயே வாங்குவது என் பார்வையில் வீண். அதன் ஓசை, அசைவு சரியாக வராததை மறைத்துவிடும்.

முதல் சில வாரங்கள் பொறுமையைச் சோதிப்பவை. முழங்கால்களைச் சற்றுத் தளர்த்தி, வால் எலும்பைக் கீழ்நோக்கி விட்டு, மார்பை உயர்த்தி நிற்கும் நிலையே எல்லாவற்றுக்கும் அடித்தளம். கீழ்முதுகை உள்வளைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டுவது தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. மறுநாள் வரும் முதுகுவலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். இடுப்பைத் தூக்கி இறக்கும் அசைவில், ஒரு காலில் எடையை நிறுத்தி மறுகாலின் முன்பாதத்தை மட்டும் தரையில் ஊன்ற வேண்டும்; மார்பும் தோளும் அசையாமல் இருக்க வேண்டும். ஷிம்மி என்னும் நடுக்கம் இடுப்பைக் குலுக்குவதால் வருவதன்று. இரு முழங்கால்களையும் மாறிமாறி மெல்ல மடக்கி நீட்டினால் இடுப்பு தானாகவே அதிரும். வேகத்தைத் துரத்தாமல், மெதுவாகவும் சீராகவும் இரண்டு நிமிடம் தொடர்வதே வீட்டுப் பயிற்சியாக இருக்கட்டும். பரதநாட்டியம் பயின்றவர்களுக்குத் தாளம் எளிதில் பிடிபடும். ஆனால் அரைமண்டியும் அழுத்தமான தட்டடவும் பழகிய கால்கள் இங்கே தளர்ந்து நிற்கக் கொஞ்ச காலம் எடுத்துக்கொள்ளும்.

இசையைக் கேட்பதும் பயிற்சிதான். அரபு இசையில் தாளங்களைச் சொற்கட்டுப்போல வாயால் சொல்லிப் பழகுவார்கள். மக்ஸூம் என்ற நான்கெண்ணிக்கைத் தாளம் ‘டூம் டெக், டெக் டூம், டெக்’ என்று ஓடும். டூம் என்பது முழவின் நடுவில் விழும் ஆழ்ந்த ஒலி, டெக் என்பது விளிம்பில் எழும் கூர்மையான ஒலி. எகிப்தியர் இந்த ஒற்றை முழவையே தப்லா என்பதால், நமக்குத் தெரிந்த இரட்டைத் தபேலாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிற்றூர் வகுப்பில் பத்தாண்டு ஆடியவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே வரிசையில் நிற்க நேரிடும். இது குறை என்று தோன்றலாம். எனினும் அனுபவசாலியின் பின்னால் ஓரமாக நின்றுகொண்டால், ஆசிரியர் உங்களை நோக்கித் திரும்பி நிற்கும்போதும் பார்த்து ஆட ஒருவர் முன்னால் இருப்பார்.

டிசம்பரில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இப்ஸ்விச்சிலிருந்தோ கேம்பிரிட்ஜிலிருந்தோ ரயிலில் வருபவர்கள், திரும்பும் வண்டியின் நேரத்தை வகுப்பில் சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவ முடிவில் ஹஃப்லா என்ற கூடுகை நடக்கலாம். அரபியில் அதற்கு விருந்து என்று பொருள். மாணவர்கள் ஒருவருக்கொருவர் ஆடிக்காட்டுவார்கள். ஆட விருப்பமில்லாதவர் கைதட்டிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். முதன்முறை குழுநடனத்தின் பின்வரிசையில் இடம் கேளுங்கள். தனிநடனத்துக்கு அடுத்த ஆண்டு போதும்.