தினசரி மீட்டிங்குக்கு விஆர் ஹெட்செட் வேண்டுமா?

குழுவுக்கு விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி அணிந்து, கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகைப் பார்க்கும் கருவி) வாங்க நினைத்தால், முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் சேர்ந்து பார்க்கப்போவது முப்பரிமாணப் பொருளா, எழுத்தா?

கட்டட மாதிரி, இயந்திர பாகம், அறை அமைப்பு என்றால் தாராளமாக வாங்கலாம். எல்லோரும் உண்மையான அளவில் அதைச் சுற்றி நடந்து, "இந்தத் தூண் இடிக்கிறது" என்று கைகாட்டும் வசதி திரையில் கிடைக்காது. ஆவணம், கணக்கு, அன்றாட நிலவரப் பேச்சுக்கு லேப்டாப்பே போதும்.

காரணம் உடம்புதான். மெட்டா குவெஸ்ட் 3 என்ற ஹெட்செட்டின் எடை சுமார் 515 கிராம், பேட்டரி ஏறக்குறைய 2 மணி நேரம். லென்ஸ் ஒரே தொலைவில் குவிய, கண்கள் வெவ்வேறு தொலைவுக்குத் திரும்புவதால் சோர்வு வரும். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 18 பேர் தினம் 8 மணி நேரம், 5 நாள் விஆரில் வேலை செய்ய முன்வந்தனர். குமட்டல், தலைவலியால் 2 பேர் முதல் நாளே விலகிவிட்டார்கள்.

அதனால் ஒரு அமர்வை 20, 30 நிமிடத்தில் முடியுங்கள். தம் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப ஹெட்செட்டின் லென்ஸ்களை ஒவ்வொருவரும் சரிசெய்த பிறகே தொடங்குங்கள், இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். விஆருக்குள் மிதந்து நகர்வதைவிட இடம்விட்டு இடம் தாவும் முறை தலைசுற்றலைக் குறைக்கும். குறிப்பெடுக்க ஒருவர் லேப்டாப்பில் இருக்கட்டும். அப்புறம், யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அவரும் திரை வழியாகவே சேர்ந்துகொள்ளலாம்.