புராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்: புதிதாகக் கையில் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. ஒருமுறை காசு கட்டி வாங்கும் லைசென்ஸை அடுத்த மாதமே நிறுத்தியது. அதிலிருந்து சின்ன அலுவலகங்கள், கல்லூரி லேப்கள், வீட்டில் ஒரு பழைய சர்வரை ஓடவிட்டிருப்பவர்கள் எனப் பலர் புராக்ஸ்மாக்ஸ் பக்கம் வந்திருக்கிறார்கள். ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டுவதற்காக 2008 முதல் வியன்னாவிலிருந்து வெளிவரும் மென்பொருள் இது. அது ஓடும் சர்வரைத்தான் ஹோஸ்ட் என்பார்கள். அடியில் டெபியன் லினக்ஸ், விஎம்களை ஓட்ட கேவிஎம், விஎம்மைவிட இலேசான கன்டெய்னர்களுக்கு எல்எக்ஸ்சி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள 8006 போர்ட்டில் ஒரு வெப் திரை. காசு கட்டாமலே எல்லா வசதியும் உண்டு.

நிறுவுவது சுலபம். பென்டிரைவில் ஐஎஸ்ஓவை எழுதி, நாலைந்து கேள்விக்குப் பதில் சொன்னால் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்தத் திரை நம்மைப் பெரும்பாலும் தடுக்காது. 1 டிபி டிஸ்க்கில் 3 டிபிக்கு விஎம் போட்டாலும் சரி என்று சொல்லும், பேக்கப்பை அதே டிஸ்க்கில் வைத்தாலும் சரி என்று சொல்லும். கணக்குப் பார்க்கிற வேலை நம்முடையது. புதியவர்களின் ஹோஸ்ட் படுத்துக்கொள்வதற்கு முக்கால்வாசி காரணம் அந்தக் கணக்கை யாரும் பார்க்காததுதான்.

இல்லாத இடத்தைப் பங்குபோடுவது

1 டிபி எஸ்எஸ்டியில் வழக்கமான முறையில் நிறுவினால் இரண்டு ஸ்டோரேஜ் தெரியும். 'லோக்கல்' என்பது ஹோஸ்டின் ரூட் பகுதிக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர். ஐஎஸ்ஓ, பேக்கப் ஃபைல்கள் எல்லாம் அங்கே போகும். 'லோக்கல்-எல்விஎம்' என்பது விஎம் டிஸ்க்குகளுக்கான தின் பூல். இந்தப் பூலில் 200 ஜிபிக்கு ஒரு டிஸ்க் உருவாக்கினால் 200 ஜிபி அப்போதே ஒதுக்கப்படாது. விஎம் எழுத எழுதத்தான் இடம் போகும். அதனால் 800 ஜிபி பூலில் ஆறு 200 ஜிபி டிஸ்க்குகளைத் தாராளமாக உருவாக்கலாம். கல்யாணத்துக்கு 1,200 பேரை அழைத்துவிட்டு 800 இலைக்குச் சமைக்கிற கணக்கு இது. பெரும்பாலும் ஒத்துவரும். எல்லோரும் வந்துவிட்டால்தான் திண்டாட்டம்.

எல்லோரும் வருவதும் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் நடக்கும். விண்டோஸ் விஎம் ஒன்றில் 70 ஜிபி பழைய ஃபைல்களை அழிக்கிறீர்கள். உள்ளே இடம் காலியானதாகக் காட்டுகிறது. ஹோஸ்டில் போய்ப் பார்த்தால் பூல் ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. காரணம், அந்த டிஸ்க்கின் அமைப்பில் 'டிஸ்கார்டு' என்ற பெட்டியை டிக் செய்யாததுதான். அது இல்லாவிட்டால் விஎம் அழித்த இடம் பூலுக்குத் திரும்பாது. டிக் செய்தபிறகும் ஒரு படி பாக்கி இருக்கிறது. விஎம்முக்குள் இருந்தபடியே ரீஸ்டார்ட் கொடுத்தால் புது அமைப்பு ஏறாது. முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு 'டிஸ்கார்டு வேலை செய்யவில்லை' என்று புலம்புகிறவர்கள் நிறைய. விஎம் லினக்ஸ் என்றால் உள்ளே 'எஃப்எஸ்ட்ரிம்' கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பூல் இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

பூல் நிறைந்தால் என்ன ஆகும்? அதிக இடம் எடுத்த விஎம் மட்டும் நிற்காது. அந்தப் பூலில் புதிதாக எழுத முயலும் எல்லா விஎம்களும் 'ஐஓ-எரர்' என்று ஸ்தம்பித்துவிடும். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் அது நல்லபடியாகத் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. ஹோஸ்டில் 'எல்விஎஸ்' என்று அடித்தால் டேட்டா, மெட்டாடேட்டா (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) இரண்டின் சதவீதமும் வரும். டேட்டா பாதியில் இருக்கும்போதே மெட்டாடேட்டா நிறைந்து பூல் நிற்கலாம், அதனால் இரண்டையும் பாருங்கள். 80 சதவீதம் தாண்டிவிட்டால் புது விஎம் கிடையாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்பும்

ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது, பேக்கப் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். அதே ஆட்களின் ஹோஸ்டைத் திறந்து பார்த்தால் போன வருஷம் எடுத்த 'அப்டேட்டுக்கு_முன்' இன்னும் உட்கார்ந்திருக்கும். ஸ்னாப்ஷாட் இருப்பது விஎம் இருக்கும் அதே பூலில். எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அதோடு, விஎம்மில் ஒவ்வொரு பகுதி மாறும்போதும் பழைய பகுதியையும் ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்துக்கொள்வதால், நாளாக நாளாக அது பூலைத் தின்னும். எல்விஎம்முக்குப் பதில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: கடைசியாக எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே திரும்பிப் போக முடியும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் நடுவில் உள்ளவற்றை அழித்தாக வேண்டும். அப்டேட்டுக்கு முன்னால் எடுங்கள், வேலை சரியாக நடக்கிறதா என்று இரண்டு நாள் பாருங்கள், அழித்துவிடுங்கள்.

பேக்கப் விஷயத்தில் அடிக்கடி பார்க்கிற கூத்து யுஎஸ்பி டிஸ்க். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்து (அதாவது டிஸ்க்கை அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணைத்து), அந்த ஃபோல்டரை 'டைரக்டரி' வகை ஸ்டோரேஜாகச் சேர்த்துவிடுவார்கள். சில வாரம் நன்றாக ஓடும். ஒருநாள் ரீபூட் ஆகும்போது டிஸ்க் மவுன்ட் ஆகாது. ஆனால் ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும், காலியாக. இரவு பேக்கப் வழக்கம்போல ஓடி ஹோஸ்டின் ரூட் பகுதியில் எழுதத் தொடங்கும். காலையில் ரூட் நிறைந்திருக்கும், வெப் திரையில் லாகின்கூட ஆகாமல் போகலாம், ஏனென்றால் புராக்ஸ்மாக்ஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் சின்ன டேட்டாபேஸும் அதே ரூட்டில்தான் இருக்கிறது. அந்த ஸ்டோரேஜுக்கு 'இஸ்_மவுன்ட்பாயின்ட்' என்ற அமைப்பை ஆன் செய்துவிட்டால் போதும். டிஸ்க் மவுன்ட் ஆகாத நாளில் பேக்கப் தோற்றுப்போகும், உங்களுக்கு மெயில் வரும். தோற்றதாகச் சொல்லிவிடும் பேக்கப் தப்பான இடத்தில் வெற்றிபெறும் பேக்கப்பைவிட எவ்வளவோ மேல்.

வேறொரு பெட்டி கையில் இருந்தால் அதில் புராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைப் போடுங்கள். இதுவும் இலவசம், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதால் வேகமாகவும் முடியும். அப்புறம், எடுத்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். வேறு விஎம் எண்ணில் ரீஸ்டோர் செய்து, ஸ்டார்ட் செய்யும் முன் நெட்வொர்க் கார்டில் 'டிஸ்கனெக்ட்' டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஐபி முகவரியில் இரண்டு சர்வர் எழுந்து நிற்கும். பில்லிங் சர்வரில் அது நடந்தால் பகல் முழுக்க வேறு வேலை ஓடாது. விஎம் பேக்கப்பில் ஹோஸ்டின் அமைப்புகள் வராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 'இடிசி' ஃபோல்டருக்குள் இருக்கும் 'பிவிஇ'யையும் நெட்வொர்க் ஃபைலையும் தனியாக ஒரு நகல் எடுத்து வெளியே வையுங்கள்.

ரேம்

சிபியுவை இரட்டிப்பாகப் பங்குபோட்டாலும் பெரிய கேடில்லை, கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ரேமில் அந்த விளையாட்டு கூடாது. ஹோஸ்டில் ரேம் தீர்ந்தால் லினக்ஸ் எதையாவது கொன்று இடம் பண்ணும். பெரும்பாலும் அதிக ரேம் பிடித்திருக்கும் ப்ராசஸைத்தான் கொல்லும். உங்கள் ஹோஸ்டில் அதிக ரேம் பிடித்திருப்பது எது? நிறையப் பேருக்கு அது டேட்டாபேஸ் விஎம். அதாவது எது போகக் கூடாதோ அதுதான் முதலில் போகும். இசட்எஃப்எஸ் இருந்தால் அதன் கேஷுக்கும் பங்கு ஒதுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் இது மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8.1 முதல் புதிதாக நிறுவும்போது 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் செய்துகொண்டே வந்தவர்கள் தங்கள் அளவு என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நெட்வொர்க்கை மாற்றும்போது

'விஎம்பிஆர்0' என்ற பிரிட்ஜ் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) வழியாகத்தான் நீங்களும் உள்ளே வருகிறீர்கள், விஎம்களும் வெளியே போகின்றன. அதைத் தொலைவிலிருந்து மாற்றுவது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற கதை. ஐஎல்ஓ, ஐடிராக் மாதிரி சர்வரை நிர்வகிக்கும் தனி வழி இருந்தால் மட்டும் தொலைவிலிருந்து கை வையுங்கள். இல்லையென்றால் மானிட்டரும் கீபோர்டும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

நெட்வொர்க்கைத் தொடாமலே அது அறுந்துபோகும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டோ என்விஎம்இ டிஸ்க்கோ புதிதாகச் செருகினால் பிசிஐ வரிசை நகர்ந்து, நெட்வொர்க் கார்டின் பெயர் 'இஎன்பி3எஸ்0' என்பதிலிருந்து 'இஎன்பி4எஸ்0' ஆகிவிடலாம். பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். ஹோஸ்ட் ஒழுங்காக பூட் ஆகும், ஆனால் யாருக்கும் எட்டாது. புது கார்டுதான் பழுது என்று கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கழற்றியதும் நெட்வொர்க் வேறு திரும்ப வந்துவிடுமா, அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்! நெட்வொர்க் ஃபைலில் புதுப் பெயரை எழுதினால் சரியாகிவிடும்.

8006 போர்ட்டை ரவுட்டரில் திறந்து இன்டர்நெட்டுக்கு நேராகக் காட்டாதீர்கள். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் விபிஎன்.

ஹோஸ்டில் வேறு எதையும் போடாதீர்கள்

அடியில் டெபியன்தானே என்று டாக்கரையும் (கன்டெய்னர் ஓட்டுவது) சம்பாவையும் (ஃபைல் பகிர்வது) ஹோஸ்டிலேயே நிறுவுவது ஒரு தனி ஆசை. டாக்கர் தன் வசதிக்கு ஃபயர்வால் விதிகளை மாற்றும், திடீரென்று விஎம்களின் டிராஃபிக் நின்றுபோகும். ஒரு சின்ன விஎம் போட்டு அதற்குள் டாக்கரை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவியதும் அப்டேட் 401 என்று எரர் காட்டும். ஒன்றும் கெடவில்லை, சந்தா கட்டுபவர்களுக்கான ரெப்பாசிட்டரி (மென்பொருள் கிடங்கு) இயல்பாகவே ஆன் ஆகியிருக்கிறது. அதை அணைத்துவிட்டு 'நோ-சப்ஸ்கிரிப்ஷன்' ரெப்பாசிட்டரியைச் சேர்த்தால் போதும். டெபியன் பழக்கத்தில் வெறும் 'ஆப்ட் அப்கிரேட்' அடிக்காதீர்கள். அது சில பேக்கேஜ்களை அரைகுறையாக விட்டுவிடும். இங்கே எப்போதும் 'ஃபுல்-அப்கிரேட்'தான்.

இரண்டு சர்வரில் கிளஸ்டர்

இரண்டாவது சர்வர் வந்த உடனே இரண்டையும் ஒன்றாக இணைத்து கிளஸ்டர் போட கை துறுதுறுக்கும். கிளஸ்டரில் சர்வருக்கு ஒரு ஓட்டு, பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால்தான் மாற்றம் செய்ய முடியும். மொத்தம் இரண்டு ஓட்டு என்றால் இரண்டும் வேண்டும். ஒரு சர்வர் படுத்தால் மிச்சமிருப்பதில் ஓடுகிற விஎம்கள் ஓடும், ஆனால் நின்றதை ஸ்டார்ட் செய்ய முடியாது, எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று போட்ட ஏற்பாடு, ஒன்று போனதும் இன்னொன்றின் கையையும் கட்டிவிடுகிறது. 'பிவிசிஎம் எக்ஸ்பெக்டட் 1' என்று அடித்து அப்போதைக்குத் தப்பிக்கலாம். நிரந்தரத் தீர்வு, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்டு மட்டும் போடும் கியூடிவைஸை வைத்து மூன்றாவது ஓட்டை உண்டாக்குவது. விஎம்கள் உள்ள சர்வரைக் கிளஸ்டரில் இணைக்கவும் முடியாது, அது காலியாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு சர்வருக்குக் கிளஸ்டரே வேண்டாம். தனித்தனியாக ஓடட்டும், ஒன்றின் பேக்கப் மற்றொன்றில் இருக்கட்டும்.

கரண்ட் போய் வந்த பிறகு

பயாஸில் கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகும்படி வைத்திருப்பார்கள், விஎம்மில் 'ஸ்டார்ட் அட் பூட்' டிக் செய்ய விட்டுப்போயிருக்கும். அது இயல்பாக ஆஃப்பில்தான் இருக்கும். வரிசையும் முக்கியம்: ஃபயர்வால் விஎம்முக்கு 1, டிஎன்எஸ்ஸுக்கு (பெயரை ஐபி முகவரியாக்கும் சர்வர்) 2, மற்றவை அதற்குப் பின்னால். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி கொடுக்கலாம். ஹோஸ்டின் சொந்த டிஎன்எஸ்ஸாக அதே ஹோஸ்டில் ஓடும் விஎம்மை மட்டும் கொடுத்து வைக்காதீர்கள். கூடவே வெளியே உள்ள முகவரி ஒன்றும் இருக்கட்டும்.