இஸ்ரேலில் குடியேறும் சமயநெறி யூதக் குடும்பம் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறை

1950-ஆம் ஆண்டின் திரும்பிவரும் உரிமைச் சட்டத்தின்படி இஸ்ரேலுக்கு வரும் யூதர் குடியுரிமை பெறுவது பெரும்பாலும் ஆவணங்களைப் பொறுத்த காரியம். எந்த ஊரில், எந்தத் தெருவில் வாழ்வது என்பதையோ எந்த அலுவலகமும் முடிவுசெய்து தராது. 1950-களில் கொச்சியிலிருந்து சென்ற யூதர்களை நெவாத்திம், மெசிலாத் சியோன் போன்ற வேளாண் கிராமங்களுக்கு அனுப்பிக் குடியமர்த்தினார்கள். அவர்களிடம் விருப்பம் கேட்டவர் அரிது. இன்று தேர்வு குடும்பத்தின் கையில் இருக்கிறது. தவறினால் வரும் சுமையும் அதனுடையதே.

சமயநெறியைக் கடைப்பிடித்து வாழும் யூதர் வேறு நாட்டில் ஊர் தேடும்போது, நடந்து செல்லும் தொலைவில் தொழுகைக்கூடம் உண்டா, சமய உணவு விதிப்படியான கோஷர் இறைச்சி கிடைக்குமா, சடங்கு நீராடும் மிக்வே அருகில் இருக்கிறதா, வேலை விலக்கப்பட்ட சப்பாத் என்னும் வார ஓய்வுநாளில் வெளியே பொருள்களை எடுத்துச் செல்ல வழிசெய்யும் எருவ் எல்லை அமைக்கப்பட்டிருக்கிறதா என்றே விசாரிப்பார். இஸ்ரேலின் யூத நகரங்களில் இவை அநேகமாக எங்கும் உண்டு. ஆகவே அந்தப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் எல்லா ஊரும் ஒன்றுபோலத் தெரியும். இங்கே ஆராய வேண்டியது, அந்தத் தெருவில் வாழ்வோர் எந்த வகைச் சமயநெறியைப் பின்பற்றுகிறார்கள் என்பதையே.

அதை அறியப் பள்ளிகளிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து. இஸ்ரேலியக் கல்வி பொது அரசுப் பள்ளிகள், அரசு சமயப் பள்ளிகள், மிகக் கண்டிப்பான சமயநெறியினரான ஹரேதிகளின் தனிப் பள்ளிகள் எனப் பிரிந்துகிடக்கிறது. குழந்தை சேரும் பிரிவே அதன் நண்பர்கள், உடை, இளைஞர் இயக்கம், பின்னாளில் ராணுவ சேவை ஆகியவற்றைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அரசு சமயப் பள்ளிகளுக்குள்ளும் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பவை, முதல் வகுப்பிலிருந்தே பிரித்து வைப்பவை, தோரா என்னும் யூத மறைநூலின் கல்விக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குபவை என வேறுபாடுகள் உள்ளன. இளைஞர் இயக்கங்களிலும் பினேய் அகீவா இருபாலரையும் சேர்த்து நடத்துகிறது. ஏரியல் பிரித்து நடத்துகிறது. சில ஹரேதிப் பள்ளிகள் வீட்டில் இணையம் உண்டா, தந்தை முழுநேரமாகத் தோரா கற்கிறாரா என்றெல்லாம் விசாரித்த பின்னரே இடம் தருகின்றன. பிறந்த நாட்டில் கல்லூரிப் படிப்பு, வேலை, கண்டிப்பான நெறி மூன்றையும் இயல்பாக இணைத்து வாழ்ந்த குடும்பத்துக்கு, அதே கலவையைக் கொண்ட பள்ளி இங்கே எல்லா ஊரிலும் கிடைக்காது. எனவே பள்ளியை முதலில் முடிவுசெய்து, அது இருக்கும் ஊரில் வீடு தேடுவதே நல்லது.

சில இடங்களை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ரஅனானாவிலும் மோதியீனிலும் சமயநெறியாளரும் அல்லாதவரும் கலந்து வாழ்கிறார்கள். அண்டை வீட்டார் ஓய்வுநாளில் கார் ஓட்டினால் பொருட்படுத்தாத குடும்பத்துக்கு இவை பொருந்தும். நெத்தன்யாவில் பிரெஞ்சு பேசுவோர் பலர். ஜெருசலேமின் ஹர் நோஃபில் ஆங்கிலம் பேசும் ஹரேதிக் குடும்பங்கள் திரளாக உள்ளன. பார் இலான் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கிவாத் ஷ்முவேல் மணமாகாத இளைஞரை ஈர்க்கிறது. 1949-இல் பிரிட்டனிலிருந்து வந்தோர் நிறுவிய லாவி போன்ற சமய கிப்புட்ஸ்களும் (கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளும்) உண்டு.

பெத் ஷெமெஷ் நகரம் தனியே கவனிக்கத்தக்கது, ஏனெனில் அங்கே ஊரின் பெயரைவிடப் பகுதியின் பெயரே முக்கியம். ராமத் பெத் ஷெமெஷ் அலெஃபில் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் நிறைய. அருகிலுள்ள ராமத் பெத் ஷெமெஷ் பெத் என்னும் பகுதியிலோ மிகக் கண்டிப்பான ஹரேதிக் குழுக்கள் வாழ்கின்றன. 2011-இல் இத்தகைய எல்லையை ஒட்டித் திறந்த, ஹரேதியல்லாத சமய தேசியப் பிரிவின் பெண்கள் பள்ளி மாணவியரைத் தீவிரப்போக்குடையோர் சிலர் ஏசியதும் அவர்கள்மீது துப்பியதும் நாடெங்கும் பேசப்பட்டன. ஆகவே விரும்பும் தெருவை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்லும் வழியையும், பக்கத்துப் பகுதி எந்தப் பக்கமாக வளர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சொந்த மொழி பேசுவோர் நடுவே குடியேறுவதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அங்கே முதல் ஆண்டு எளிதாகக் கழியும். நோய் வந்தாலும் வங்கியில் சிக்கல் வந்தாலும் விளக்கிச் சொல்ல ஆள் இருக்கும். ஆனால் எபிரேயம் மெதுவாகவே வரும், உல்பான் என்னும் மொழி வகுப்பின் ஐந்து மாதங்களில் கற்றதும் பயன்படுத்தாமல் மங்கிப்போகும். பதின்பருவப் பிள்ளைகள் உள்ள குடும்பம் சொந்த மொழித் துணையுள்ள இடத்தைத் தேர்வதும், மழலையர் மட்டுமே உள்ள குடும்பம் எபிரேயச் சூழலுக்குத் துணிவதும் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சிற்றூர் வாழ்வை விரும்புவோர், பணமிருந்தாலும் எங்கும் வீடு வாங்கிவிட முடியாது என்பதை அறிந்திருக்க வேண்டும். நெகேவிலும் கலிலேயாவிலும் உள்ள சிறு சமூகக் குடியிருப்புகளில் சேர்க்கைக் குழுக்கள் விண்ணப்பதாரரை நேர்கண்டு ஏற்கவோ மறுக்கவோ 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 2023-இல் அது 700 குடும்பங்கள் வரையுள்ள ஊர்களுக்கு விரிவாக்கப்பட்டது. 1983-இல் தொடங்கிய எஃப்ராத் போன்ற ஊர்கள் ஆங்கிலம் பேசும் சமயக் குடும்பங்களிடையே புகழ்பெற்றவை. ஆயினும் அவை மேற்குக் கரையில் உள்ளன. அங்குள்ள குடியேற்றங்கள் பன்னாட்டுச் சட்டத்துக்குப் புறம்பானவை என உலக நாடுகளில் பெரும்பாலானவை கருதுகின்றன. இஸ்ரேல் அதை மறுக்கிறது. அரசியல் நிலைப்பாடு, பயணப் பாதுகாப்பு, ஊரின் எதிர்காலம் ஆகியவற்றைக் குடும்பத்தில் வெளிப்படையாகப் பேசித் தீர்த்த பின்பே அங்கே வீடு பார்க்க வேண்டும்.

வேலைக்குச் செல்லும் தொலைவைக் காலை நெரிசலில் ஒருமுறை பயணம் செய்து அளந்துகொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் மமாத் எனப்படும் பாதுகாப்பு அறை இராது. பொதுப் பதுங்கிடம் எங்கே என்று கேளுங்கள். அர்னோனா என்னும் நகராட்சி வரியில் புதிதாக வந்தோருக்கு ஓராண்டு வரை பெரும் சலுகை உண்டு என்பதால், முதல் ஆண்டின் செலவை வைத்து வரவுசெலவுக் கணக்குப் போடாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லித் தருவது, அந்த ஊரில் கழிக்கும் ஓர் ஓய்வுநாள். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஒரு குடும்பத்தின் விருந்தினராகத் தங்குங்கள். தொழுகை முடிந்ததும் புதியவரிடம் யார் வந்து பேசுகிறார்கள், பிற்பகலில் சிறுவர்கள் எங்கே கூடுகிறார்கள், பெண்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள், எந்த மொழி காதில் விழுகிறது என்று கவனியுங்கள். சமயகுருவான ரபியிடம் ஊர் எப்படி என்று கேட்டால் நல்ல ஊர் என்றே சொல்வார். கடந்த ஆண்டில் யாரெல்லாம் ஊரைவிட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்று குடியிருப்போரிடம் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும். கணவனும் மனைவியும் தனித்தனியே விசாரிப்பது நல்லது, ஏனெனில் ஆண்களின் தொழுகை வட்டம் கலகலப்பாக இருக்கும் ஊரில் பெண்களுக்குத் துணையே இல்லாமல் போவதுண்டு.

முதல் ஆண்டு வாடகைக்கே இருங்கள். பள்ளியாண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குவதால் பெரும்பாலான குடும்பங்கள் கோடையில் வந்து சேர்கின்றன. அப்போது வாடகை வீட்டுக்கும் போட்டி இருக்கும். மழலையர் வகுப்புப் பதிவு அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே நடந்துவிடும் என்பதால், ஊரைப் பார்க்கும் பயணத்தை அந்தப் பதிவுக்கு முன்னதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.