அதிகாரத்தை எதிர்த்துப் பேசும்போது: ஆங்கிலத்திலும் போர்த்துகீசிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் 'டிஃபை' என்ற வினைக்குப் பின்னால் 'அகெயின்ஸ்ட்' சேர்ப்பதுதான் நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. மனதில் 'உத்தரவுக்கு எதிராக' என்று ஓடுவதால் வருவது. 'உத்தரவை மீறினார்' என்று நினைத்துப் பாருங்கள். 'டிஃபைட் தி ஆர்டர்' என்று தானாகச் சரியாகிவிடும். 'டிஸ்ஒபே', 'ரெசிஸ்ட்' இரண்டும் அப்படியே. 'அகெயின்ஸ்ட்' கேட்பது 'ரெபெல்'.

போர்த்துகீசில் இது மாறுகிறது. 'டெஸொபெடெஸேர்' என்ற வினைக்கு 'ஆ' என்ற இடைச்சொல் வேண்டும்: சட்டத்தை மீறுவது 'டெஸொபெடெஸேர் ஆ லேய்'. 'சட்டத்துக்குக் கீழ்ப்படியாமல்' என்று 'க்கு' போட்டு யோசித்தால் மறக்காது. பிரேசில் பேச்சுவழக்கில் அந்த 'ஆ' உதிரும். இலக்கண நூல்கள் அதை ஏற்பதில்லை, தேர்வில் மதிப்பெண் போகும். சவால் விடுவதற்கான 'டெஸாஃபியார்' இடைச்சொல் கேட்காது. ஆனால் அதை 'டெஸாஃபினார்' என்று சொல்லிவிட்டால், சுருதி தப்பிப் பாடுவதாகப் பொருள்.

தமிழின் 'மறு' என்ற சொல் இன்னொரு பள்ளம். குற்றச்சாட்டையும் மறுக்கிறோம், கையெழுத்திடவும் மறுக்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது 'டினை', இரண்டாவது 'ரெஃப்யூஸ்'. 'ஐ டினை டு சைன்' என்று எழுதினால் உங்கள் உறுதி தெரியாது, தடுமாற்றம்தான் தெரியும். போர்த்துகீசில் கையெழுத்திட மறுப்பது 'ஹெகூஸு-மி ஆ அஸினார்'. நடுவில் வரும் 'மி' விடுபடக் கூடாது.

'ஸ்டாண்ட் அப் டு' என்றால் எதிர்த்து நிற்பது, 'ஸ்டாண்ட் அப் ஃபார்' என்றால் ஆதரித்து நிற்பது. ஒரே சொல்லில் கட்சி மாறிவிடும்.

'நீ எனக்கு அதிகாரம் செய்ய முடியாது' என்பதற்கு பிரேசிலில் 'வொஸே நாவ் மந்தா எய்ம் மிம்'. 'மந்தார்' என்ற வினைக்கு அனுப்புவது, ஆணையிடுவது என இரு பொருள். ஒருவர் மீது அதிகாரம் செய்வது என்ற பொருளுக்கு 'எய்ம்' வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது 'டெஸகாத்து'. இதைக் கீழ்ப்படியாமை என்று எழுதிவிடுகிறார்கள். பிரேசில் தண்டனைச் சட்டத்தில் கீழ்ப்படியாமை 330ஆவது பிரிவு: 15 நாள் முதல் 6 மாதம் வரை காவல், கூடவே அபராதம். 'டெஸகாத்து' 331ஆவது பிரிவு, பணியிலிருக்கும் அரசு ஊழியரை அவமதிப்பது: 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை காவல், அல்லது அபராதம். உத்தரவை மரியாதையாகவே மீறியவர் முதல் பிரிவில் மட்டும் வருவார். வசை பாடியவர் இரண்டாவதில் வருவார்.